லான் பவுல்ஸ் ஆடும்போது எப்படி நடந்துகொள்வது? முழுமையான வழிகாட்டி

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் லான் பவுல்ஸில் பெரும்பாலான கிளப் ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. போட்டித் தொடர்களில் இருந்தாலும், ஒரே நடுவர் ஏழெட்டு ரிங்க்குகளை, அதாவது ஆடும் பட்டைகளை, சுற்றிவருவார். கூப்பிட்டால்தான் பக்கத்தில் வருவார். எந்தப் பந்து ஜாக் என்ற இலக்குப் பந்துக்கு அருகில் இருக்கிறது, எத்தனை ஷாட் (புள்ளி), யார் கால் பட்டு எது நகர்ந்தது எல்லாவற்றையும் ஆடுகிறவர்களே பார்த்து, பேசி, முடிவு செய்கிறார்கள். எதிரணியின் சொல்லை நம்ப முடியாவிட்டால் இந்த ஆட்டம் ஒரு எண்டுகூட, அதாவது ஒரு சுற்றுகூட, நகராது. அதனால்தான் இங்கே நடத்தையைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுகளில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கியபோதுதான் இந்த ஆட்டம் பலருடைய கண்ணில் பட்டது. அதைப் பார்த்து ஆடத் தொடங்கியவர்களுக்கும், கொஞ்ச நாளாக ஆடியும் 'இது சரியா, தப்பா' என்று சில இடங்களில் தயங்குகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆட்டம் நடக்கும் வரிசையிலேயே போகலாம்.

முதலில் சில அடிப்படைகள்

புல்தரையை நீளவாக்கில் பட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பட்டை ஒரு ரிங்க்; அகலம் 4.3 முதல் 5.8 மீட்டர் வரை. ஒரு முனையில் சின்ன மேட் விரித்து, அதில் நின்று முதலில் ஜாக் என்ற சிறு பந்தை உருட்டுவார்கள். அது மேட்டின் முன்விளிம்பிலிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும். பிறகு இரண்டு அணியும் மாறி மாறித் தங்கள் பந்துகளை உருட்டி, ஜாக்குக்கு எவ்வளவு நெருக்கமாக நிறுத்த முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்தப் பார்க்கும். பந்தின் வடிவத்திலேயே ஒரு பக்கச் சாய்வு இருப்பதால் அது நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய வளைந்து வரும்.

எல்லாப் பந்தும் போட்டு முடிந்தால் ஒரு எண்ட். எதிரணியின் மிக நெருக்கமான பந்தைவிட உங்கள் பந்துகளில் எத்தனை ஜாக்குக்கு அருகில் இருக்கின்றனவோ அத்தனை ஷாட் உங்களுக்கு. ஜாக்கும் பந்துகளும் கூடிக் கிடக்கும் இடத்தை ஹெட் என்பார்கள். நால்வர் அணியில் லீட், செகண்ட், தேர்ட், ஸ்கிப் என்ற வரிசையில் ஆளுக்கு இரண்டு பந்து. ஸ்கிப்தான் அணித்தலைவர்.

திடலுக்குப் போகும் முன்

தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணி கட்டாயம். குதிகாலோ பல்லோ வைத்த ஷூ புல்தரையைக் குத்திவிடும். அந்தத் தழும்பு அடுத்து வருகிற ஒவ்வொரு பந்தின் போக்கையும் மாற்றும். உடை விஷயத்தில் கிளப்புக்குக் கிளப் வழக்கம் வேறு. சில இடங்களில் இன்னமும் முழு வெள்ளை, பல இடங்களில் வண்ணச் சட்டை. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நேரத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள். நால்வர் அணியில் ஒருவர் தாமதமானால் ஏழு பேர் காத்திருக்க வேண்டும். வர முடியாது என்று தெரிந்தால் தெரிந்த அந்த நிமிடமே ஸ்கிப்புக்குச் சொல்லிவிடுங்கள். மாற்று ஆள் தேட அவருக்கு நேரம் வேண்டும். என்னைக் கேட்டால், மோசமாக ஆடுகிறவரைவிடச் சொல்லாமல் வராமல் இருப்பவர்தான் கிளப்புக்கு அதிகத் தொல்லை.

கைப்பேசியை அமைதியில் போட்டுவிடுங்கள். அளக்கும் கருவி, சாக்பீஸ், பந்து துடைக்க ஒரு துணி, இவை உங்களுடையதாகவே இருக்கட்டும். ஒவ்வொரு எண்டிலும் எதிரணியிடம் கடன் கேட்பது அழகல்ல.

அறிமுகமும் ட்ரயல் எண்டும்

தொடங்கும் முன் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுத்துப் பெயர் சொல்லிக்கொள்வது பழைய வழக்கம். அதை அவசரமாகச் செய்து முடிக்காதீர்கள். பெயரைக் காதில் வாங்குங்கள். அடுத்த மூன்று மணி நேரம் 'ஹலோ, உங்கள் பந்து' என்று கூப்பிடுவதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. குறிப்பாக, உங்கள் இடத்தில் எதிரணியில் ஆடுகிறவர் யார் என்று பார்த்து வையுங்கள். நீங்கள் தேர்ட் என்றால் அந்த அணியின் தேர்டோடுதான் ஆட்டம் முழுக்க ஷாட் பேசப் போகிறீர்கள்.

ஆட்டத்துக்கு முன் இரு திசையிலும் ஒவ்வொரு முறை போட்டுப் பார்க்கும் ட்ரயல் எண்டுகள் தரை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக மட்டும்தான். எதிரணி போட்டுப் பார்க்கும்போதும் அமைதியாக நில்லுங்கள். அவர்களுக்கும் அது பயன்பட வேண்டும்.

மேட்டில் நிற்கும்போது

பந்தை விடும் நொடியில் ஒரு காலின் ஒரு பகுதியாவது மேட்டின் மீதோ, அதற்கு நேர் மேலேயோ இருக்க வேண்டும். பந்தைத் தரைக்கு அருகே கொண்டுபோய் மெல்ல விடுங்கள். முழங்கால் உயரத்திலிருந்து தொப்பென்று போட்டால், ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள பொருள் புல்லில் குழி விழ வைக்கும். உட்கார்ந்து எழ முடியாதவர்களுக்குப் பந்தைப் பிடித்து விடும் நீண்ட கைக் கருவி இருக்கிறது. அதை யார் பயன்படுத்தினாலும் வேடிக்கை பார்க்க அதில் ஒன்றுமில்லை.

உங்கள் முறை வரும்போது பந்து கையில் தயாராக இருக்கட்டும். முந்தைய பந்து நின்ற பிறகுதான் போய்த் தேடி, துடைத்து, சாய்வு எந்தப் பக்கம் என்று பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு எண்ட் இழுத்துக்கொண்டே போகும். ஸ்கிப் என்ன கேட்கிறார் என்று புரியவில்லையா, ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வாங்குங்கள், போடுங்கள். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. எதிரணியின் வேகத்தைக் கெடுப்பதற்காகவே தாமதிப்பது வேறு விஷயம்; அனுபவசாலிகளுக்கு அது உடனே தெரிந்துவிடும், போட்டி விதிகளிலும் அது குற்றம்தான்.

போட்ட பந்துக்குப் பின்னாலேயே ஓடிப் போகும் பழக்கம் பலருக்கு உண்டு. பந்தோடு சேர்ந்து உடம்பை வளைப்பதும், 'வா, வா, வா' என்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பந்து நின்ற கணத்திலேயே ரிங்க் எதிரணியின் கைக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் ரிங்க்கின் நடுவில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தால், அடுத்து ஆடுகிறவர் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மற்றவர் ஆடும்போது

மேட் பக்கம் இருந்தால், ஆடுகிறவருக்கு ஒரு மீட்டராவது பின்னால், அவர் ஓரக்கண்ணில் படாத இடத்தில் நில்லுங்கள். ஹெட் பக்கம் இருந்தால் ஜாக்குக்குப் பின்னால், அசையாமல். பந்து கையை விட்டுப் போகும் வரை பேச்சு வேண்டாம். கையில் இரண்டு பந்தை வைத்துக்கொண்டு 'டக் டக்' என்று மோதுகிறவர்கள் எல்லா கிளப்பிலும் இருக்கிறார்கள். தெரியாமல்தான் செய்வார்கள், ஆனாலும் அது காதில் குத்தும்.

நிழல் விஷயம் பலருக்குத் தோன்றாது. மாலை வெயிலில் உங்கள் நிழல் நீண்டு ஜாக்கின் மேல் விழுந்தால், முப்பது மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்தச் சின்னப் பந்து சரியாகத் தெரியாது. வெயில் சாயும்போது அவ்வப்போது கீழே பார்த்து ஓர் அடி தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

பக்கத்து ரிங்க்கும் உங்கள் பொறுப்புதான். அங்கே ஒருவர் போட நிற்கிறார் என்றால் நீங்கள் பார்வையில் குறுக்கே போகக் கூடாது. முனை மாறும்போது உங்கள் ரிங்க்குக்குள்ளேயே நடந்து போங்கள். ஓரப் பள்ளத்தின் கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடாதீர்கள். தரையின் விளிம்பு உடைந்துவிடும்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஆடும்போது இந்த அமைதி இன்னும் முக்கியம். ஜாக் எங்கே இருக்கிறது, போட்ட பந்து எங்கே நின்றது என்பதை அவர்களுடைய வழிகாட்டியின் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நீங்கள் நல்லெண்ணத்தில் சொல்லும் 'அருமை'கூடத் தவறான நேரத்தில் வந்தால் அந்தக் குரலை மறைத்துவிடும்.

ஹெட்டில் நிற்கும்போது

பந்துகளுக்கு நடுவே நடப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கி நடக்கவே வேண்டாம். தளர்ந்த கால்சட்டை நுனி, தொங்கும் துணி, கழுத்திலிருந்து ஆடும் அளவுக் கயிறு, இவை பந்தைத் தட்டிவிடும்.

போட்ட ஓட்டத்திலேயே ஜாக்கைத் தொட்ட பந்து டச்சர் ஆகிறது. அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு: பின்னால் ஓரப் பள்ளத்தில் விழுந்தாலும் அது உயிரோடு இருக்கும், தொடாத பந்து விழுந்தால் செத்தது, கணக்கில் வராது. அதனால் தொட்ட பந்தில் சாக்பீஸால் குறி போட வேண்டும். அடுத்த பந்து வந்து நிற்பதற்குள் குறி போடாவிட்டால் அந்த உரிமை போய்விடும். குறி போட்டால் பந்து அசைந்துவிடும் போலிருந்தால், இது டச்சர் என்று வாயால் சொல்லி இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலே போதும்.

இங்கேதான் ஒருவருடைய குணம் தெரியும். எதிரணியின் பந்து ஜாக்கை லேசாக உரசியது. அவர்கள் கவனிக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டீர்கள். விதிப்படி குறி போடுவது அவர்கள் வேலை. நீங்கள் சும்மா இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. சொல்லிவிடுங்கள் என்பதே என் பதில்: 'உங்க பந்து தொட்டுச்சு, குறி போட்டுக்கோங்க.' ஹெட்டில் நடப்பது மேட் பக்கம் நிற்பவர்களுக்குத் தெரியாது. அங்கே நிற்கும் இரண்டு பேரின் கண்தான் இரண்டு அணிக்கும் கண். இன்று நீங்கள் சொன்னால் அடுத்த முறை உங்கள் பந்து உரசும்போது அவர்களும் சொல்வார்கள். பழைய எண்டின் சாக் குறியை அடுத்த எண்டுக்கு முன் துடைத்துவிடுவதும் இதோடு சேர்ந்ததுதான். குறியோடு வரும் பந்து வீண் வாக்குவாதத்தைக் கிளப்பும்.

ஷாட் கொடுப்பது, அளப்பது

அதிகமான மனத்தாங்கல் இங்கேதான் வருகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைசிப் பந்து நின்றவுடன் யாரும் எதையும் தொட வேண்டாம். சாய்ந்து நிற்கும் பந்து விழக்கூடும் என்று தோன்றினால் அது நின்றதிலிருந்து 30 விநாடி காத்திருக்கும்படி எந்த அணியும் கேட்கலாம். கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம்.

பிறகு இரண்டு தேர்ட்களும் குனிந்து பார்ப்பார்கள். இணை ஆட்டம் என்றால் இரண்டு லீட்கள். மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டும். ஸ்கிப் உட்பட எட்டுப் பேரும் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று சொன்னால் ஹெட் சந்தையாகிவிடும்.

வழக்கம் என்னவென்றால், எண்டை இழந்த தரப்புதான் ஷாட்டைக் கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் 'எங்களுக்கு மூணு' என்று அறிவிப்பதில்லை. நல்ல ஹெட்டில் பேச்சு இப்படி இருக்கும்:

'முதல் ரெண்டு உங்களோடது, தெளிவா தெரியுது. எடுத்துக்கோங்க.'

'சரி. மூணாவது?'

'எனக்கு எங்களோட பந்துதான் கிட்ட இருக்கிற மாதிரி தெரியுது. நீங்க எப்படிப் பாக்கிறீங்க?'

'சந்தேகமாத்தான் இருக்கு. அளந்துடலாமா?'

'அளந்துடலாம். நீங்களே அளங்க.'

ஒப்புக்கொண்ட இரண்டு பந்தையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மூன்றாவதை அளக்கிறார்கள். இருவரும் ஒப்புக்கொள்ளும் வரை வேறு எந்தப் பந்தையும் தொடக் கூடாது. ஆர்வத்தில் ஒருவர் தன் பந்துகளைக் காலால் தள்ளிவிட்டு, பிறகுதான் 'அதுவும் சந்தேகம்தானே' என்று தெரிந்தால் அதற்குத் தீர்வே இல்லை.

அளப்பதற்குப் பெரும்பாலும் கயிறோ நாடாவோ உள்ள கருவிதான். முட்டி போட்டு, கருவியின் முனையை ஜாக்கின் பக்கத்தில் வைத்து, பந்தின் மிக நெருங்கிய இடம் வரை இழுத்துப் பார்க்க வேண்டும். சாய்ந்து நிற்கும் பந்துக்கு முதலில் ஆப்பு வையுங்கள். இடது கையை எங்கே ஊன்றுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஜாக்கை ஒரு மயிரிழை தள்ளிவிட்டாலும் அளவு போச்சு. அளக்கும்போது உங்கள் கை பட்டு ஏதாவது நகர்ந்துவிட்டால், அதை முன்பிருந்த இடத்துக்குத் திருப்பி வைப்பது எதிரணியின் வேலை. நீங்களே தள்ளி வைக்காதீர்கள். கையை எடுத்துவிட்டு 'நகத்திட்டேன், நீங்க வைங்க' என்று சொல்லுங்கள்.

நீங்கள் அளந்து முடித்ததும் எதிரணி ஆளைத் தானும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கருவியை நீட்டுங்கள். அவர் மீண்டும் அளப்பதை உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இருவரும் பார்த்தும் முடிவாகவில்லையென்றால் நடுவரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னால் அதோடு சரி. இரண்டு பந்தும் ஒரே தூரம் என்று வந்தால் அந்த எண்டில் யாருக்கும் ஷாட் இல்லை. எண்ட் கணக்கில் சேரும்.

கொடுக்க வேண்டிய ஷாட்டை இழுத்துக்கொண்டே இருப்பது ஒரு கெட்ட பழக்கம். ஒரு சாண் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறபோதும் 'அளந்து பாத்துடலாமே' என்பவர்கள் இருக்கிறார்கள். அதே மாதிரி மறுபக்கமும் உண்டு. நல்ல பேர் வாங்குவதற்காக, தன் அணிக்கு உரிய ஷாட்டை அளக்காமலேயே விட்டுக்கொடுப்பது. அந்த ஷாட் உங்களுடையது மட்டும் இல்லை. நான்கு பேர் சேர்ந்து சம்பாதித்தது. சந்தேகம் இருந்தால் அளங்கள், தெளிவாக இருந்தால் கொடுங்கள்.

முடிவானதும் தேர்ட் தன் ஸ்கிப்புக்குத் தெளிவாகக் கைகாட்டிச் சொல்ல வேண்டும். கணக்குச் சீட்டு எழுதுகிறவர்கள், நால்வர் ஆட்டத்தில் பெரும்பாலும் செகண்ட்கள், ஒவ்வொரு எண்ட் முடிவிலும் இருவர் சீட்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது எண்டில் கணக்கு இடித்தால் நான்காவது எண்டில் என்ன நடந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்?

சொந்த அணிக்குள்

எதிரணியிடம் மரியாதையாக இருந்துவிட்டுத் தன் லீடை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுக்கிற ஸ்கிப்கள் இருக்கிறார்கள். நடத்தை என்றால் எதிரணியோடு மட்டும் என்று எடுத்துக்கொண்டதால் வரும் கோளாறு இது. கிளப்பை விட்டு ஆட்கள் விலகுவதற்கு எதிரணியைவிடச் சொந்த அணியில் கேட்ட பேச்சுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஸ்கிப் எதிர்முனையில் நிற்பதால் அவர் உடம்பு பேசுவது எல்லோருக்கும் தெரியும். பந்து தவறிப் போனதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது, கையை விரிப்பது, வானத்தைப் பார்ப்பது எல்லாம் முப்பது மீட்டர் தாண்டியும் போட்டவருக்குப் போய்ச் சேரும். நல்ல ஸ்கிப் என்ன செய்வார்? பந்து நின்ற இடத்தைச் சொல்வார்: 'ஒரு மீட்டர் நீளம், கோடு சரியா இருக்கு.' அடுத்த பந்துக்கு அது உதவும். 'என்ன இப்படிப் போட்டுட்டீங்க' என்பது எதற்கும் உதவாது. போட்டவருக்கே அது தெரியும்.

மற்றவர்கள் ஸ்கிப்பின் சொல்லைக் கேட்டு ஆட வேண்டும். அவர் கேட்ட ஷாட் பிடிக்கவில்லை என்றால் எண்ட் முடிந்து முனை மாறும்போது நடந்துகொண்டே பேசலாம். மேட்டில் நின்றபடி, எதிரணி காத்திருக்க, விவாதம் நடத்த வேண்டாம். லீட், செகண்ட் இருவருக்கும் இன்னொன்று: உங்கள் பந்துகள் முடிந்துவிட்டன என்பதற்காக முதுகைத் திருப்பிக்கொண்டு அரட்டை அடிக்காதீர்கள். ஸ்கிப் கடைசிப் பந்தைப் போடும்போது தன் அணியில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

புதிதாக வந்தவருக்கு ஒரே நேரத்தில் மூன்று பேர் பாடம் எடுக்காதீர்கள். ஒருவர் சொன்னால் போதும், அதுவும் ஒரு எண்டுக்கு ஒரு விஷயம். எதிரணிக்காரருக்கு, அவர் கேட்காமல், எப்படிப் போடுவது என்று சொல்லித்தரவே வேண்டாம். எவ்வளவு நல்ல மனதோடு சொன்னாலும் அது இறங்கிப் பேசுவதாகத்தான் கேட்கும்.

பாராட்டும் அதிர்ஷ்டமும்

எதிரணி நல்ல பந்து போட்டால் 'நல்ல பந்து' என்று சொல்லுங்கள், அது உங்களுக்கு வலித்தாலும். அவர்கள் பந்து தவறிப் போய் உங்களுக்கு உதவினால் கைதட்டாதீர்கள். 'தேங்க்ஸ்' சொல்லாதீர்கள். மனதுக்குள் மகிழ்ச்சி வருவதை யாரும் தடுக்க முடியாது. வெளியே காட்டாமல் இருக்கலாம்.

உங்கள் பந்து தவறிப் போய், வேறொரு பந்தில் இடித்துத் திரும்பி, ஜாக்குக்குப் பக்கத்தில் போய் நின்றதா? இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடக்கும். கையை லேசாகத் தூக்கி, அது அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு நகருங்கள். எதிரணிக்கு அப்படி நடந்தால் 'அதிர்ஷ்டம்தான்' என்று நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம். ஒப்புக்கொள்வது அவர்கள் பாடு.

வேகமாக அடித்து ஹெட்டையே சிதறடிக்கும் ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்ல உருட்டுவதுதான் நாகரிகம், வேகமாக அடிப்பது முரட்டுத்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதுவும் பழகித் தேர்ந்த ஒரு திறமைதான், விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் அடிக்கும் முன் ஹெட்டில் நிற்பவர்களையும் பக்கத்து ரிங்க்காரர்களையும் எச்சரிக்க வேண்டும். அவர்கள் விலகிய பிறகே அடிக்க வேண்டும். காலில் பட்டால் எலும்பு முறியும்.

ஏதாவது தவறு நடந்துவிட்டால்

உங்கள் கால் பட்டு ஒரு பந்து நகர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. உடனே சொல்லுங்கள், நகர்த்தியதை நீங்களே சரிசெய்யாமல் எதிரணியிடம் விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பந்தைத் தடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை எதிரணி ஸ்கிப் முடிவு செய்வார். அவர் எந்த வழியைத் தேர்ந்தாலும் அது அவர் உரிமை.

பக்கத்து ரிங்க்கிலிருந்து ஒரு பந்து உங்கள் ஹெட்டை நோக்கி வருகிறதா? குரல் கொடுங்கள். ஹெட்டில் நிற்பவர் அதைத் தடுக்கலாம். அல்லது இடிபடப் போகும் பந்தைத் தூக்கி, அது கடந்ததும் அதே இடத்தில் வைக்கலாம். சாய்வைத் தலைகீழாகப் பிடித்துப் போட்டுவிட்ட பந்துதான் பெரும்பாலும் இப்படி வழிதவறி வரும். போட்டவர் ஏற்கெனவே வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வேறொருவர் பந்தைத் தெரியாமல் எடுத்துப் போட்டிருந்தால் அது நின்ற இடத்தில் அவருடைய சொந்தப் பந்தை மாற்றி வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

எதிரே ஆடும் புதியவர் சாய்வைத் தவறாகப் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்கிறார் என்று வையுங்கள். சொல்லலாமா? நட்பு ஆட்டம் என்றால் யோசிக்கவே வேண்டாம், சொல்லுங்கள். போட்டி ஆட்டத்தில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதைக் கவனிப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். டச்சரைச் சொல்லச் சொன்னேனே, இது மட்டும் ஏன் வேறு என்றால், அங்கே நடந்து முடிந்த உண்மையைச் சொல்கிறீர்கள், இங்கே இனிமேல் நடக்கப்போவதில் தலையிடுகிறீர்கள்.

எதிரணிக்காரரின் கால் மேட்டை விட்டு வெளியே போகிறது என்று சந்தேகம் வந்தால், அவர் போடும் நேரத்தில் கத்தாதீர்கள். முனை மாறும்போது உங்கள் ஸ்கிப் அவர்கள் ஸ்கிப்பிடம் தணிந்த குரலில் சொல்லட்டும். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

சிங்கிள்ஸில் மார்க்கராக நின்றால்

ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு பந்து. பல போட்டிகளில் முதலில் 21 ஷாட் எடுப்பவர் வெற்றி. ஹெட் பக்கம் அணியினர் யாரும் இல்லாததால் மார்க்கர் ஒருவர் நிற்பார். ஜாக்கை நடுக்கோட்டில் வைப்பது, டச்சருக்குக் குறி போடுவது, இருவரும் ஒப்புக்கொண்ட ஷாட்டை எழுதுவது எல்லாம் அவர் வேலை.

இதில் கடினமான வேலை பேசாமல் இருப்பதுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். 'நான் ஷாட்டில் இருக்கேனா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 'இல்லை, ஆனா கொஞ்சம் வலப்பக்கமா போட்டீங்கன்னா' என்று ஆரம்பித்தால் நீங்கள் ஒருவருக்குப் பயிற்சியாளராகிவிட்டீர்கள். ஒருவருக்கு மட்டும் 'அருமை' என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சும்மா இருப்பதும் கூடாது. இரண்டு பேருக்குமே ஒன்றும் சொல்லாமல் இருப்பது உத்தமம். ஜாக்குக்குப் பின்னால், ரிங்க்கின் ஓரமாக, அசையாமல் நின்றால் போதும்.

வாக்குவாதம் முற்றினால்

முதலில் பேச்சை இரண்டு ஸ்கிப்களுக்குள் சுருக்குங்கள். மற்ற ஆறு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. அடுத்தது, ஹெட்டை அப்படியே விடுங்கள். கோபத்தில் பந்தை உதைத்துவிட்டால் பேச ஒன்றுமே மிஞ்சாது. விதி என்ன சொல்கிறது என்று தெரியவில்லையென்றால் புத்தகத்தைப் பாருங்கள். 1849-இல் கிளாஸ்கோ வழக்கறிஞர் வில்லியம் மிட்செல் தொகுத்த விதிகளின் மேல் கட்டியெழுப்பப்பட்டவைதான் இன்றைய விதிகள். ஒன்றே முக்கால் நூற்றாண்டாக ஆட்கள் சண்டை போட்டுத் தீர்த்த கேள்விகள்தான் பெரும்பாலும் நமக்கும் வருகின்றன, அதனால் பதில் அதில் இருக்கும். நடுவர் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள்.

திட்டுவது, மிரட்டுவது, பந்தை வீசுவது போன்றவை நடந்தால் அதைத் திடலில் வைத்துத் தீர்க்க முயல வேண்டாம். ஆட்டம் முடிந்ததும், யார், எந்த எண்டில், என்ன சொன்னார் என்று எழுதி கிளப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். 'அவர் எப்பவும் அப்படித்தான்' என்று விட்டுவிட்டால் அதற்கு விலை கொடுப்பவர்கள் அடுத்து அவரோடு ஆட வரும் புதியவர்கள்தான்.

ஆட்டம் முடிந்த பிறகு

மறுபடியும் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுங்கள். தோற்றவர் தரையையும் காற்றையும் குறை சொல்ல வேண்டாம். இரண்டு அணியும் ஒரே தரையில்தான் ஆடின. ஜெயித்தவர் 'நீங்களும் நல்லாத்தான் ஆடினீங்க' என்று ஆறுதல் சொல்வதைவிட, அவர்கள் போட்ட ஏதாவது ஒரு பந்தைக் குறிப்பிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்: 'அந்த ஒன்பதாவது எண்டுல ரெண்டு பந்துக்கு நடுவுல நுழைச்சீங்களே, எங்க கணக்கே மாறிப்போச்சு.'

பல கிளப்புகளில் ஆட்டம் முடிந்ததும் எதிரணியோடு உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டுப் போவது வழக்கம். வேலை இருந்தாலும் பத்து நிமிடமாவது இருங்கள். எழுந்து ஓடுவது, அதுவும் தோற்ற அன்று, நன்றாகத் தெரியாது. கணக்குச் சீட்டில் இரண்டு ஸ்கிப்களும் கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். மேட், ஜாக், ஸ்கோர் பலகை எல்லாவற்றையும் எடுத்துவைக்க ஒரு கை கொடுங்கள். திடலைப் பராமரிப்பவர் அங்கே இருந்தால் அவருக்கும் ஒரு நன்றி சொல்லிவிட்டு, தரையில் எங்காவது குழி விழுந்திருந்தால் எந்த ரிங்க்கில் எந்த இடத்தில் என்று காட்டிவிட்டுப் போங்கள்.